கடியாரம் பிடித்தவள்

எங்கள் சைக்கிள் கிளப்பில் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரே ஆள் நான்தான். ஆனாலும் நான் போகாமல் ஒரு ரேஸும் நடந்ததில்லை. ஸ்டாப் வாட்ச் எங்கள் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

அப்பா ரங்கூனில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். விளையாட்டு விழாவுக்கென்று பள்ளிக்கூடம் வாங்கிய வாட்ச் அவர் பொறுப்பில் இருந்தது. போட்டாதாங் கப்பல் துறையில் வேலை பார்க்கிற தமிழ் இளைஞர்கள் சேர்ந்து கிளப்பு ஆரம்பித்து, அதை இரவல் கேட்டு லான்மடாவில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா யோசித்துவிட்டு, “இந்த வாட்ச் என் மக கையைத் தாண்டி வேற கைக்குப் போகாது. வேணும்னா ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டையும் பத்திரமா கொண்டாந்து விடுங்க” என்றார். உள்ளேயிருந்து அம்மா, “வயசுப் பொண்ண அத்தன ஆம்பளைங்க நடுவுல அனுப்புறீங்களே, பயமா இல்லையா?” என்று கேட்டாள். “அவனுங்கள நெனச்சாதான் பயமா இருக்கு. இவ வாய்ல மாட்டப் போறானுங்களே” என்றார் அப்பா. அவர் பயந்தது சரியாகத்தான் போயிற்று. லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு, கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பூசிக்கொண்டு, விடியற்காலையில் ரோட்டோரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன் என்றால் எவனையும் நான் விட்டுவைத்ததில்லை.

எங்களுக்கு எதிர்க் கிளப்பு அலோன் பக்கத்துப் பர்மியப் பையன்கள். அவர்களுடைய தலைவரை எல்லோரும் கோஜீ என்று கூப்பிடுவார்கள்; பெரியண்ணன் என்று அர்த்தம். ஆறடி உயரம். ரங்கூனில் அவரைப்போல் சைக்கிள் மிதித்தவர் கிடையாது, எங்கள் ஆள் ஒருவரைத் தவிர. அந்த ஒருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ரேஸ் எல்லோரும் சேர்ந்து புறப்படுவதில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒருவராக, அவர்களில் ஒருவர் எங்களில் ஒருவர் என்று மாற்றி மாற்றி அனுப்புவோம். முதல் ஆள் கிளம்பும்போது அமுக்கிய வாட்ச் கடைசி ஆள் திரும்புகிறவரை ஓடிக்கொண்டே இருக்கும். யார் எப்போது போனார், எப்போது வந்தார் என்று பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டியது. இதில் ஒரு விதி உண்டு. வாட்சை அமுக்கித் தொடங்கிய கைதான் முடித்துவைக்க வேண்டும், நடுவில் கை மாறக் கூடாது. ஒவ்வொருவர் கட்டைவிரலுக்கும் ஒரு வேகம். ஒரு தடவை நடுவில் கை மாறி, கணக்கு மாறி, இரண்டு கிளப்பும் அடிதடிக்குப் போனதற்குப் பிறகு வந்த விதி அது. அலோன்காரர்களே வந்து, “சயாமா பிடித்தால் எங்களுக்குச் சம்மதம்” என்றார்கள். வாத்தியாரம்மா என்பதற்குப் பர்மியில் சயாமா. பாடம் நடத்தாமலே எனக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மழை விட்டு விளக்குத் திருவிழா முடிந்ததும் எங்கள் பருவம் தொடங்கும். தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் முடிந்துவிடும். மூன்று ரேஸ். இன்சீன் ரோடில் ஒன்று, ஏரியைச் சுற்றி ஒன்று, கடைசியாக அலோனிலிருந்து ஸ்ட்ராண்ட் ரோடு வழியாகப் போட்டாதாங் போய்த் திரும்புவது ஒன்று. மூன்றில் இரண்டை ஜெயிக்கிற கிளப்புக்கு ஒரு கேடயம். தகரத்துக்கு மேலே வெள்ளிப்பூச்சு, அதற்கா அவ்வளவு சண்டை என்று அம்மா கேட்பாள்.

நான் சொல்கிற பருவம், கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்கு அடுத்து வந்தது. வேலை போனவர்களும், வேலை போய்விடும் என்று பயந்தவர்களும் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அப்பா பர்மியக் குடியுரிமை வாங்கியிருந்தார். அதனால் நாங்கள் இருக்கிறவர்கள். கிளப்பில் பாதிப் பேர் போகிறவர்கள். யார் எதில் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பயிற்சிக்கு வரமாட்டார், அப்போது புரிந்துகொள்வோம்.

புறப்படுகிற வரிசையைப் பருவத்தின் ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுவோம், பிறகு மாற்றுவதில்லை. இன்சீன் ரேஸ் அன்றைக்கு எங்கள் மூன்றாவது ஆள் இல்லை. ரொட்டிக் கிடங்கில் வேலை பார்த்தவர், அந்த வாரம்தான் குடும்பத்தோடு போய்விட்டார். கிளப் செக்ரட்டரி ஒரு தையல்கடைக்காரர், எதையும் வெட்டித் தைத்துவிடலாம் என்று நினைக்கிறவர். “அவர எடுத்துட்டு அடுத்தவர மேல கொண்டாரலாமா, தங்கச்சி?” என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, முறைப்படி அந்த எண்ணை உரக்கக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. கொடியை இறக்கினேன். காலி ரோட்டைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் இரண்டு நிமிஷம் நின்றோம். அலோன் பையன்கள் எங்களைக் கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். கோஜீ தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

போகிறவர்கள் சைக்கிளைக் கொண்டுபோக முடியாது. செக்ரட்டரியின் தையல்கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது, அதில் விட்டுவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் இரண்டு பேருக்கு ஒரு நல்ல சைக்கிள் என்று மாற்றி மாற்றி ஓட்டிய கிளப்பு. அந்தப் பருவத்தில் கொட்டகை நிறையச் சைக்கிள், ஓட்ட ஆள் இல்லை. “இனிமே காலுக்கு ஒண்ணா ஓட்டலாம்” என்றார் மேஸ்திரி மகன்.

அவரைப் பற்றித்தான் பிறகு சொல்கிறேன் என்றேன். அவருடைய அப்பா துறைமுகத்தில் கூலியாட்களுக்கு மேஸ்திரி. மகன் அதே துறையில் மூட்டைகளுக்குக் கணக்குப் பார்க்கிறவர். அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். கோஜீயை ஜெயிக்கக்கூடிய எங்கள் ஆள் அவர்தான். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கடியாரம் என்றுதான் கூப்பிடுவார். “கடியாரம், இன்னிக்கு நான் எப்படி?” என்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். “நத்தை கூட முந்திடுச்சு, நீங்க பாக்கல?” என்பேன். உண்மையில் அன்று எல்லோரையும் விட வேகமாக வந்திருப்பார். இதற்கு மேல் எங்களுக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமலேயே கிளப்பு முழுவதுக்கும் தெரிந்திருந்தது. எங்கள் அப்பாவுக்கும் தெரிந்திருந்தது என்று பிறகு புரிந்துகொண்டேன்.

இன்சீன் ரேஸை அலோன்காரர்கள் ஜெயித்தார்கள். ஏரி ரேஸை நாங்கள் ஜெயித்தோம், அவர் கோஜீயை மயிரிழையில் முந்தினார். எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு ஆட, அவர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“கடியாரம், எங்களுக்கும் கப்பல் வந்துடுச்சு.”

நான் முக்காலியை மடக்கிக்கொண்டிருந்தேன். மடக்கினேன், திரும்ப விரித்தேன். “எப்போ?” என்றேன்.

“ஸ்ட்ராண்ட் ரேஸுக்கு முதல் நாளே சோதனை முடிச்சு ஏத்திடுவாங்க. ஏறிட்டா இறங்க விடமாட்டாங்க. ரேஸ் அன்னிக்குச் சாயந்தரம்தான் கப்பல் கெளம்பும்னு சொல்றாங்க. நீ ரேஸ முடிச்சிட்டு துறைமுக கேட்டுக்கு வா. ஒரு விஷயம் சொல்லணும்.”

“இப்பவே சொல்லுங்களேன்.”

“இங்கயா? இத்தன பேரு வாயப் பொளந்து பாக்குறானுங்க.”

“அங்க நீங்க கப்பல் மேல, நான் ரோட்டுல. நடுவுல ஒரு ஷெட்டு. ஊருக்கே கேக்குற மாதிரி கத்தணுமே?”

“கத்துறேன்” என்றார். அப்போதுதான் சிரித்தார்.

அந்தச் சில வாரங்கள் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் போதுமா? அதை அவர் வாயால், கத்தி, நாலு பேர் கேட்க நான் கேட்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். அவர் எங்கேயோ போய் எப்படியோ பிழைக்கட்டும், நான் இங்கே இருக்கிறேன், ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டும்.

ஸ்ட்ராண்ட் ரேஸ் அன்று அலோன் டீக்கடை வாசலில் முக்காலியைப் போட்டேன். இருட்டு முழுவதாகப் பிரியவில்லை. மொய்ங்கா என்கிற மீன் குழம்புச் சேவை விற்கிற அம்மாள் அப்போதுதான் பானையைத் திறந்தாள். எங்கள் பக்கம் நாலு பேர்தான் மிச்சம்: செக்ரட்டரி, ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு கம்பவுண்டர். மற்ற எண்களெல்லாம் காலி. கேடயத்துக்கு ஒவ்வொரு பக்கத்திலும் நாலு பேருடைய நேரத்தைக் கூட்டுவோம். ஆக, எங்கள் நாலு பேரும் உயிரைக் கொடுத்து ஓட்டினால் ஒழியக் கேடயம் இல்லை. “அவருக்காகவாவது ஜெயிக்கணும்” என்று செக்ரட்டரி சொல்லி, நாலு பேரும் கையோடு கை சேர்த்துக்கொண்டார்கள். கேடயத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாகக் கப்பலுக்குப் போய்க் காட்டுவதாக ஏற்பாடு.

வாட்சை அமுக்கினேன். ஆட்கள் போனார்கள். காலி எண்களையும் விடாமல் கூப்பிட்டேன். அவருடைய எண் கடைசிக்கு முந்தினது. அதைக் கூப்பிடும்போது என் குரல் சரியாகத்தான் இருந்தது. கொடியை இறக்கினேன். டீக்கடைக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு நிமிஷம் முடிந்ததும் கடைசி ஆளாகக் கோஜீ போனார்.

அதற்குள் முன்னால் போனவர்கள் திரும்ப வேண்டும். அலோன் பையன்கள் வந்தார்கள். எங்கள் ஆட்களைக் காணோம். ஒருவழியாகச் செக்ரட்டரி வந்தார். வாட்சைப் பார்த்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுமை தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கலாம்.

“என்ன அண்ணே, டயர் போச்சா?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “கேட்டுகிட்ட ஒரு நிமிஷம் நின்னேன், தங்கச்சி. மேல் தளத்துல நின்னுட்டிருந்தாரு. பாத்துட்டு எப்படிப் போறது? மத்தவங்க மூணு பேரும் வேகமா வந்து சரிக்கட்டிடுவாங்கன்னு நெனச்சேன்.”

கம்பவுண்டர் வந்தார். அவரும் நின்றிருந்தார். மற்றவர்கள் சரிக்கட்டிவிடுவார்கள் என்று அவரும் நினைத்திருந்தார். அண்ணன்காரர் வந்தார், அதே கதை. மூன்று பேரையும் நிற்கவைத்து நான் கத்திய கத்தலில் மொய்ங்கா அம்மாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். “அறிவிருக்கா உங்களுக்கு? ஆளாளுக்கு அடுத்தவன் ஓட்டுவான்னு நெனச்சா எவன்தான் ஓட்டுறது?” என்று கேட்டேன். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பொறாமை. அவரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், நான் மட்டும் பார்க்கவில்லை.

நாலாவதாகத் தம்பிக்காரர் வந்தார். சைக்கிளிலிருந்து இறங்காமலே, “அக்கா, கப்பல் சாயந்தரம் இல்லயாம், இப்பவே கெளம்பப் போகுது. ஏணிய எடுத்துட்டாங்க. உங்களத்தான் கேட்டாரு. ‘கடியாரம் எங்க, கடியாரம் எங்க’ன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு” என்றார்.

என் கையில் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒருவர் பாக்கி. கோஜீ. “என்கிட்ட குடுத்துட்டுப் போ தங்கச்சி, தம்பி உன்ன கொண்டு விடுவாரு” என்று செக்ரட்டரி கையை நீட்டினார். அலோன் பையன்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவருடைய நேரம். எங்கள் பக்கத்து ஆள் கையில் அதை எப்படிக் கொடுப்பது? தவிர, கோஜீ ரங்கூனிலேயே வேகமானவர். இந்த நேரத்துக்கு அவர் வந்திருக்க வேண்டும். இதோ வந்துவிடுவார், ரோட்டு வளைவில் தலை தெரியப்போகிறது என்று நான் நின்றேன்.

தலை தெரியவில்லை. லாரி வந்தது, மாட்டுவண்டி வந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். கர்த்தரே, அந்தத் தடியனைச் சீக்கிரம் அனுப்பிவை என்று வாய்விட்டே சொன்னேன். அப்போது ஆற்றுப் பக்கமிருந்து கப்பல் சங்கு ஊதியது. நீளமாக ஊதியது.

அதற்குப் பிறகு வெகு நேரம் கழித்துத்தான் கோஜீ வந்தார். வேகமாகத்தான் வந்தார், முகமெல்லாம் வேர்வை. நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இருந்த ஆத்திரத்தையெல்லாம் பர்மியில் கொட்டினேன். “நீங்களுமா? உங்களுக்கு என்ன வந்தது? அஞ்சு வருஷம் எதிரெதிரே ஓட்டினவர்தானே நீங்க?”

“அதனாலதான் நின்னேன், சயாமா” என்றார் கோஜீ. “நான் போனப்போ உங்க ஆளுங்க யாரும் அங்க இல்ல. கப்பல் நகர ஆரம்பிச்சிருச்சு. அவன் மட்டும் ரோட்டப் பாத்துக் கத்திக்கிட்டிருந்தான். ரோட்டுல யாருமே இல்ல. யாராவது ஒருத்தர் நிக்கணும்னு நின்னேன்.”

நான் அவருடைய ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். “என்ன கத்தினார்?”

“தமிழ்ல கத்தினான், சயாமா. எனக்குத் தமிழ் தெரியாதே.”

கோஜீ சைக்கிளைத் திருப்பி, முன்பக்கக் கம்பியைத் துடைத்தார். “ஏறுங்க” என்றார். ரேஸ் சைக்கிளில் பின்னால் உட்கார இடம் கிடையாது. லுங்கியோடு அந்தக் கம்பியில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு, ஒரு பர்மிய ஆண் பிள்ளையின் இரண்டு கைகளுக்கு நடுவில், சர்ச்சுக்குப் போகிற எங்கள் சனம் பார்க்க, ஸ்ட்ராண்ட் ரோடு முழுவதும் போனேன். அந்தப் பருவத்தில் யாரும் அவ்வளவு வேகமாக ஓட்டியிருக்க மாட்டார்கள்.

கேட்டருகே வழியனுப்ப வந்த சனம் கலைந்துகொண்டிருந்தது. ஷெட்டுக்கு அந்தப் பக்கம் கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. கோஜீ அடுத்த படகுத்துறைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து பார்த்தால் கப்பல் நடு ஆற்றில் தெரிந்தது. தளம் முழுக்க ஆட்கள். யார் யார் என்று தெரியவில்லை. நான் கையை ஆட்டினேன். அங்கே நிறையப் பேர் கையை ஆட்டினார்கள். அதில் ஒன்று அவருடைய கையாக இருக்கலாம். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். கோஜீ சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து வாட்சை அப்பாவிடம் கொடுத்தேன். “யாரும்மா ஜெயிச்சது?” என்று கேட்டார். அப்போதுதான் நான் கூட்டிப் பார்க்கவேயில்லை என்று நினைவு வந்தது. குறித்த தாளை நீட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பொறுமையாகக் கழித்துக் கூட்டினார். கூட்டி முடித்து என் தலையில் கையை வைத்தார்.

“நாம தோத்துட்டோம்மா.”

“தெரியும்பா” என்றேன்.

அடுத்த வருஷம் கிளப்பு இல்லை. அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வெகு காலம் கழித்து, மதராஸ் பக்கம் அகதிகளுக்குக் கொடுத்த குடியிருப்பில் இருக்கிறார், கல்யாணமாகிவிட்டது என்று யாரோ சொல்லிக் கேட்டேன். எனக்கும் ஆயிற்று. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நாலு பேர்மேல்தான் இன்னும் கோபம். அவ்வளவு பாசம் வைத்தவர்கள் அன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கக் கூடாதா?

கோஜீ அலோனில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்தார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று பேசுவேன். முடி நரைத்து, முட்டி மடங்காமல் போன பிறகும் என்னைக் கண்டால் ஸ்டூலை இழுத்துப் போடுவார். நான் எதைக் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும். கப்பலிலிருந்து அவர் கத்தியது சின்ன வார்த்தையா, பெரிய பேச்சா? ஒரு தடவையா, பல தடவையா? சிரித்துக்கொண்டா, அழுதுகொண்டா? ஒவ்வொன்றுக்கும் கோஜீ சலிக்காமல் பதில் சொல்வார். பெரிய பேச்சுத்தான், சயாமா. ஒரு தடவைதான். சிரிச்ச மாதிரிதான் இருந்தது, தூரத்துல சரியாத் தெரியல.

ஒரு நாள், “எவ்வளவு நேரம் கத்தினார், கோஜீ? சுமாராகவாவது சொல்லுங்களேன்” என்று கேட்டேன்.

கோஜீ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

“வாட்ச் உங்ககிட்டதானே இருந்துச்சு, சயாமா” என்றார்.